விக்டோரியா கால வீடும் அதன் கொட்டகைகளும்: 'லிஸ்டட்' என்றால் உண்மையில் என்ன?

இங்கிலாந்தில் வீடு தேடும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு சொற்கள் கட்டாயம் அடிபடும். ஒன்று 'விக்டோரியன்', இன்னொன்று 'லிஸ்டட்', அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த கட்டடம். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு வரிசை வீட்டைக் காட்டி, "நூற்றிருபது வருஷத்து வீடு, லிஸ்டடாகத்தான் இருக்கும், ஆணிகூட அடிக்க விடமாட்டார்கள்" என்பார் ஒருவர். "அதெல்லாம் முன்பக்கத்துக்கு மட்டும்தான், உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்" என்று இன்னொருவர் திருத்துவார். "பின்னால் கிடக்கும் கொட்டகையை இடித்தால் யார் கேட்கப்போகிறார்கள்?" என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதும் தவறு. அதிலும் மூன்றாமவர் சொல்வதுதான் அதிகச் சேதத்தை உண்டாக்குகிறது. அந்தக் கொட்டகை ஏன் வீட்டின் ஒரு பகுதி என்பதைச் சட்டத்திலிருந்து தொடங்கினால் புரியாது. வீடு எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து தொடங்கினால் புரியும். அதனால் முதலில் வீடு, அப்புறம் பட்டியல்.

விக்டோரியன் என்பது ஒரு காலம்

விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் கட்டப்பட்ட எல்லாமே விக்டோரியன்தான். 'எழுபதுகளின் பாட்டு' என்று சொன்னால் அதற்குள் மெலடியும் இருக்கும், குத்துப்பாட்டும் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கூர்முனை வளைவுகளோடு கோயில்போல நிற்கும் கோத்திக் மறுமலர்ச்சி வீடும் விக்டோரியன், இத்தாலிய மாளிகையைப் பார்த்துக் கட்டிய சதுரக் கோபுர வீடும் விக்டோரியன். கறுப்பு மரச்சட்டமும் இடையில் வெள்ளைப் பூச்சுமாக நிற்கும் 'ஓல்டு இங்கிலிஷ்' வீடும் அப்படியே. அந்த மரச்சட்டம் பல வீடுகளில் எதையும் தாங்குவதில்லை. உள்ளே செங்கல்லோ கல்லோதான் தாங்குகிறது, வெளியே தெரிகிற மரம் பழைய கிராமத்து வீட்டை நினைவூட்டுவதற்காக ஒட்டியது.

ஆகவே பாணியை வைத்து விக்டோரியா கால வீட்டை அடையாளம் காண்பது கடினம். பொருளையும் தொழில்நுட்பத்தையும் வைத்துப் பார்த்தால் எளிது. அந்த அறுபத்து சொச்சம் ஆண்டுகளில் கட்டடத் தொழிலை மாற்றியவை சில வரிகள் நீங்கியதும், ரயில் வந்ததும்தான். கண்ணாடி மீதான வரி 1845இல் போனது, செங்கல் வரி 1850இல், சன்னல்களை எண்ணி வாங்கிய வரி 1851இல். கண்ணாடி வரி எடைக்கு எடை வாங்கப்பட்டதால் அதுவரை கண்ணாடியை மெல்லியதாக, சின்னதாகவே செய்தார்கள். வரி போனதும் பெரிய, கனமான கண்ணாடிப் பலகைகள் சாதாரண வீட்டுக்கும் வந்தன. அதே காலத்தில் வேல்ஸ் மலையில் வெட்டிய ஸ்லேட் கல் ரயிலேறி நாடு முழுக்கக் கூரைகளில் அமர்ந்தது. முன்பெல்லாம் அந்தந்த ஊர் மண்ணையும் கல்லையும் போலவே வீடு இருக்கும். இப்போது லண்டன் வீட்டின் தலையில் வேல்ஸ் மலை உட்கார்ந்துகொண்டது.

சுவரும் சன்னலும்

இன்றைய இங்கிலாந்து வீட்டுச் சுவர் பெரும்பாலும் இரட்டைச் சுவர். நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், வெளிச்சுவர் நனைந்தாலும் உள்சுவருக்கு ஈரம் தாவாது. விக்டோரியா காலச் சுவர் பெரும்பாலும் ஒரே கட்டு. ஒரு செங்கல்லின் நீளம்தான் சுவரின் கனம், சுமார் 23 சென்டிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கல்லின் நீளப்பக்கம், அடுத்த கல்லின் குறுகிய முனை என்று மாறி மாறித் தெரியும். அந்தக் குறுகிய முனை தெரிகிற கல் சுவருக்குள் குறுக்கே படுத்து இரண்டு பக்கத்தையும் கட்டிப் பிடித்திருக்கிறது.

இந்தச் சுவர் மழையைத் தடுத்து நிறுத்தும் சுவர் அல்ல. பருத்திச் சட்டைபோல ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காற்றும் வெயிலும் வந்ததும் உலர்த்திவிடும். அதற்கு வழிவிடுவது கற்களுக்கு இடையே இருக்கும் சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடக்கூடியது. இதன்மேல் சிமெண்டைப் பூசினால் பருத்திச் சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டியதுபோல் ஆகும். உள்ளே மாட்டிய ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகப் போகப் பார்க்கும், குளிர்காலத்தில் அங்கேயே உறையும், உறைந்து விரிந்து செங்கல்லின் முகத்தை உரித்துவிடும். சுவர் பலமாக வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த சிமெண்டு வேலையால் கெட்டுப்போன சுவர்கள் ஏராளம். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படும், ஏனென்றால் நூறு வருஷம் நன்றாக நின்ற சுவர் அது.

சன்னல் இன்னும் அழகான விஷயம். சாஷ் சன்னல் என்பது ஒன்றின் முன் ஒன்றாக மேலும் கீழும் நகரும் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். கிணற்றில் வாளி இறக்கும் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் இருபுறமும் கயிறு, கயிறு ஒரு சிறு கப்பி மேல் ஓடும், மறுமுனையில் மரப்பெட்டிக்குள் மறைந்து ஓர் இரும்பு எடைக்கட்டி தொங்கும். எடை சமமாக இருப்பதால் கனமான சட்டத்தை ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் மேலே சூடான காற்று வெளியேறும், கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்துக் காற்றோட்டம் இது.

இன்னொரு சின்ன அடையாளமும் உண்டு. மேல் சட்டத்தின் கீழ் மூலைகளில் கொம்புபோல இரண்டு துண்டு மரம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சன்னல் பெரும்பாலும் விக்டோரியா காலத்தது, அல்லது அதற்குப் பிந்தியது. பெரிய கண்ணாடி வந்ததும் நடுவில் இருந்த மெல்லிய மரச்சட்டங்கள் தேவையில்லாமல் போயின. தாங்க ஆள் குறைந்தது, கண்ணாடியின் கனம் கூடியது. மூலை இணைப்பு பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க மரத்தைச் சற்று நீட்டிவிட்டார்கள். அலங்காரம்போலத் தெரியும் அந்தக் கொம்பு 1845இல் நீங்கிய ஒரு வரியின் தடயம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விக்டோரியன் ஒரு காலம். அந்தக் கால வீட்டைப் பாணியைவிட அதன் பொருள்கள்தான் காட்டிக்கொடுக்கும். சுவர், சாந்து, சன்னல் மூன்றும் ஈரத்தையும் காற்றையும் சேர்ந்தே சமாளிக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றொன்று கெடும்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு வீடு

பெரிய ஹோட்டல் ஒன்றுக்குச் சாப்பிடப் போகிறோம். நமக்குத் தெரிவது மேசையும் விளக்கும். கதவுக்குப் பின்னால் அடுக்களை, சரக்கறை, பாத்திரம் தேய்க்கும் இடம், சரக்கு வண்டி வரும் பின்வாசல் எல்லாம் இருக்கின்றன. முன்பக்கம் அமைதியாக இருப்பதற்குக் காரணம் பின்பக்கம் ஓயாமல் ஓடுவது.

வசதியான விக்டோரியா கால வீடும் இப்படித்தான். முன்னால் வரவேற்பறை, உணவறை, நூலக அறை, அகலமான படிக்கட்டு. ஒரு கதவைத் தாண்டினால் வேறு உலகம். குறுகலான இன்னொரு படிக்கட்டு, சமையலறை, பாத்திரம் கழுவும் அறை, வடக்குப் பார்த்த குளிர்ந்த சரக்கறை. அந்தக் கதவில் பல வீடுகளில் பச்சை நிறக் கம்பளித் துணி அடித்திருப்பார்கள், சமையல் சத்தமும் வாசனையும் இந்தப் பக்கம் வராமல் இருக்க. அறைக்கு அறை கணப்பு இருந்தது. ஒவ்வொரு கணப்புக்கும் யாரோ ஒருவர் பின்படிக்கட்டில் நிலக்கரியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், சாம்பலைச் சுமந்து இறங்க வேண்டும். அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் ஓர் இளம் பெண். விக்டோரியா கால இங்கிலாந்தில் பெண்கள் மிக அதிகமாகச் செய்த வேலை வீட்டு வேலைதான்.

பின்படிக்கட்டைப் பார்க்காமல் முன்படிக்கட்டைப் புரிந்துகொள்ள முடியாது. முன்படிக்கட்டு அத்தனை அகலமாகவும் சுத்தமாகவும் இருக்க முடிந்ததே சுமைகள் எல்லாம் வேறு வழியில் போனதால்தான். பழைய வீட்டைப் பாதுகாக்கிறோம் என்று முன்கூடத்தை மட்டும் மெருகேற்றிவிட்டு, பின்படிக்கட்டை எடுத்து அங்கே குளியலறை போடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

வெளியே நிற்கும் உறுப்புகள்

இப்போது கொட்டகைக்கு வருவோம். வீட்டை விட்டுத் தனியாக, ஆனால் வீட்டுக்காகவே நிற்கும் கட்டடங்களை இங்கே துணைக்கட்டடம் என்று சொல்கிறேன். நெருப்பு, ஆவி, நாற்றம், சத்தம் இவற்றுக்குக் காரணமான வேலைகளை வீட்டுக்கு வெளியே தள்ளியதால் பிறந்தவை இவை.

குதிரை லாயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு காரணம் இருக்கிறது. தரையில் நீலம் கலந்த கறுப்புச் செங்கல் பதித்திருப்பார்கள். மிக அதிக வெப்பத்தில் சுட்ட அந்தக் கல் ஈரத்தை உறிஞ்சாது, லாடத்துக்குத் தேயாது. அதில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், குளம்பு வழுக்காது, மூத்திரம் வடிந்து ஓடும். வாசல் ஓரத்துச் செங்கற்களின் முனை கூர்மையாக இல்லாமல் உருண்டிருக்கும், திரும்பும்போது குதிரையின் விலா கீறாமல் இருக்க. மேலே வைக்கோல் பரண். அது தீவனக் கிடங்காகவும் கூரைக் குளிரைத் தடுக்கும் போர்வையாகவும் இருந்தது. பரணில் ஒரு திறப்பு இருக்கும், அங்கிருந்து தள்ளினால் வைக்கோல் நேராகக் கீழே உள்ள கொட்டிலில் விழும். கூரை உச்சியில் சின்னக் கோபுரம்போல ஒன்று நிற்கிறதே, அது லாயத்தின் காற்றுப்போக்கி. குதிரை மூத்திரத்தின் கார நெடி அதன் வழியாக வெளியேறும். சில இடங்களில் அதிலேயே ஒரு கடிகாரமும் பொருத்தினார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நேரம் பார்த்தது அதில்தான்.

லாயத்தை ஒட்டி அகலக் கதவுகளோடு வண்டிக் கொட்டகை, மேலே குதிரைக்காரருக்கு ஓர் அறை. சற்றுத் தள்ளிச் சலவைக்கூடம். அங்கே செங்கல் அடுப்பு கட்டி அதில் பெரிய செப்பு அண்டாவைப் பதித்திருப்பார்கள். பால் அறைக்கு வடக்குப் பார்த்த சன்னல், கழுவ எளிதான ஓடு பதித்த சுவர். காய்கறித் தோட்டத்தைச் சுற்றி உயரமான செங்கல் சுவர். அந்தச் சுவர் திருடனுக்காக மட்டும் கட்டியதல்ல. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதில் பழமரங்களைச் சாய்த்துப் படரவிட்டுக் குளிர்நாட்டில் பீச் பழுக்க வைத்தார்கள்.

பெரிய பண்ணை வீடுகளில் பனிக்கட்டி அறையும் உண்டு. தரைக்குள் முட்டை வடிவில் செங்கல்லால் கட்டி, குளிர்காலத்தில் குளத்தில் உறைந்த பனியை வெட்டி வைக்கோலோடு அடைத்து வைப்பார்கள். உருகிய நீர் போக அடியில் ஒரு வடிகால். கோடைவரை பனி தாங்கும். சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமான யோசனை அல்ல. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அது வியாபாரக் கிடங்கு, தரைக்கு மேல் நிற்பது. ஆனால் தடித்த சுவருக்குள் குளிரைப் பூட்டிவைக்கும் எண்ணம் ஒன்றுதான்.

கிராக்சைடு: வீட்டை இயக்கிய வெளிக்கட்டடங்கள்

துணைக்கட்டடம் எவ்வளவு முக்கியம் என்று ஒரே ஒரு வீட்டை வைத்துக் காட்டச் சொன்னால் நான் கிராக்சைடைத்தான் சொல்வேன். வடகிழக்கு இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்தில், ராத்பரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பாறைச் சரிவில் நிற்கிறது. கட்டியவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வழக்கறிஞராகப் பயின்று, நீரழுத்த இயந்திரங்கள் மீது வந்த ஆசையால் பொறியாளராகி, நியூகாசிலில் பளுதூக்கிகளும் பீரங்கிகளும் கப்பல்களும் செய்து பெரும் செல்வரானவர். லண்டன் டவர் பிரிட்ஜைத் தூக்கிய நீரழுத்த இயந்திரங்கள் அவருடைய நிறுவனத்தவை.

1863இல் இங்கே நிலம் வாங்கி ஓய்வுக்கென ஒரு சிறிய வீடு கட்டினார். 1869இல் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷாவிடம் அதைப் பெரிதாக்கும் வேலையைக் கொடுத்தார். பதினைந்து ஆண்டுபோல வேலை நடந்தது. ஒரே மூச்சில் வரைந்த திட்டம் அல்ல என்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். உயரமான புகைபோக்கிகள், வெவ்வேறு உயரத்தில் கூரைகள், கல் சுவருக்கு மேலே கறுப்பு வெள்ளை மரச்சட்ட முகப்புகள். நார்தம்பர்லாந்து கல்லால் வீடு கட்டுகிற சீமை, மரச்சட்ட வீடு தெற்கத்திப் பழக்கம். ஷா அதைக் கொண்டுவந்து இந்தப் பாறை மேல் நட்டுவைத்தார். பொருந்தவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பாறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வந்ததுபோலத்தான் தெரிகிறது.

ஆனால் வீட்டின் உயிர் வீட்டுக்குள் இல்லை. ஆம்ஸ்ட்ராங் மலைச்சரிவு ஓடைகளை அணைகட்டி ஏரிகளாக்கினார். வீட்டுக்குக் கீழே டம்பிள்டன் ஏரி. அதன் அருகே ஒரு சின்னப் பம்பு வீடு. அது தண்ணீரை வீட்டுக்கு மேலே உள்ள தொட்டிக்கு ஏற்றியது. உயரத்தில் தண்ணீர் நின்றால் அதற்கு அழுத்தம் உண்டு, மொட்டைமாடித் தொட்டி உள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அழுத்தத்தால் வீட்டுக்குள் ஒரு லிப்ட் ஏறி இறங்கியது, படுக்கையறைகளுக்கு நிலக்கரி அதில் போனது. சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைத் தண்ணீர் விசைதான் சுழற்றியது. முன்பு சொன்ன நிலக்கரி சுமக்கும் பெண்ணை நினைத்துப் பார்த்தால் அந்த லிப்ட் எத்தனை பெரிய விஷயம் என்று புரியும்.

அடுத்து மின்சாரம். 1878இல் ஓடை நீரால் சுழன்ற டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ஓவியக்கூடத்தில் ஒரு வில் விளக்கு எரிந்தது. வில் விளக்கு என்றால் இரண்டு கரித் துண்டுகளுக்கு இடையே மின்பொறி பாயும் விளக்கு. வெளிச்சம் அதிகம், கண் கூசும். 1880இல் நண்பர் ஜோசப் ஸ்வானின் இழை விளக்குகள் நூலக அறைக்கு வந்தன. நீர் மின்சாரத்தால் விளக்கெரிந்த முதல் வீடு என்று கிராக்சைடு பேர் வாங்கியது இப்படித்தான். தேவை கூடியதும் 1886இல் பர்ன்ஃபுட் என்ற இடத்தில் தனி மின்நிலையக் கட்டடம் எழுந்தது. மேட்டிலுள்ள நெல்லிஸ் மாஸ் ஏரிகளிலிருந்து சுமார் 100 மீட்டர் இறக்கத்தில் குழாய் வழியாக இறங்கிய தண்ணீர் அங்கே டர்பைனைச் சுழற்றியது.

வீட்டிலிருந்து பார்த்தால் இவை எதுவும் கண்ணில் படாது. ஆனால் அந்தப் பம்பு வீட்டையும் மின்நிலையத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் அழகான வெற்றுக்கூடு. வீடு 1977இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையிடம் வந்தது. வீடு முதல் தரப் பட்டியலில் இருக்கிறது. பம்பு வீடு, மின்நிலையம், ஓடைமேல் நிற்கும் இரும்புப் பாலம் ஆகியவையும் தனித்தனியாகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன.

சரி, அந்தப் பட்டியல் என்ன?

பட்டியல் என்பது உண்மையிலேயே ஒரு பட்டியல்தான். சிறப்பான கட்டடக்கலை மதிப்போ வரலாற்று மதிப்போ உள்ள கட்டடங்களை அரசு எழுதி வைத்திருக்கிறது. போரில் குண்டு விழுந்த நகரங்களைத் திரும்பக் கட்டும்போது எதை விட்டுவைப்பது என்ற கேள்வியோடு 1944, 1947 நகரமைப்புச் சட்டங்களில் இது உருவானது. இன்று இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆய்ந்து பரிந்துரைக்கும், அமைச்சர் முடிவெடுப்பார். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு.

இங்கிலாந்துப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள். மூன்று தரம். முதல் தரம் சுமார் 2.5 சதவீதம், இரண்டாம் தரம் நட்சத்திரக்குறியோடு சுமார் 5.8 சதவீதம், மிச்சம் எல்லாம் வெறும் இரண்டாம் தரம். தரம் குறைந்தால் பாதுகாப்பும் குறைவு என்று நினைக்கக் கூடாது. மூன்றுக்கும் ஒரே சட்டம், ஒரே அனுமதி.

பழையது என்பதற்காக எல்லாம் சேராது. 1700க்கு முன் கட்டி, பெரிய மாற்றம் இல்லாமல் நிற்பவை பெரும்பாலும் சேரும். 1700 முதல் 1850 வரை உள்ளவற்றில் நிறையச் சேரும். 1850க்குப் பிறகு லட்சக்கணக்கில் வீடு கட்டினார்கள், அதனால் பொறுக்கித்தான் எடுப்பார்கள். லண்டனில் நம்மவர்கள் குடியிருக்கும் விக்டோரியா கால வரிசை வீடுகளில் பெரும்பாலானவை பட்டியலில் இல்லை. சில தெருக்கள் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருக்கும், அது வேறு விதி, முக்கியமாக வெளித்தோற்றத்தைப் பற்றியது. 'முன்பக்கம் மட்டும்' என்ற பேச்சு அநேகமாக இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தது.

விக்டோரியா காலக் கட்டடம் மதிப்புள்ளது என்று ஒப்புக்கொள்ளவே இங்கிலாந்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அவற்றின் நகாசு வேலையை அசிங்கம் என்றே ஒரு தலைமுறை நினைத்தது. அவற்றுக்காகப் பேச விக்டோரியன் சொசைட்டி 1958இல் தொடங்கியது. அப்படியும் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டக் கல் வாயிலைக் காப்பாற்ற முடியவில்லை, 1961-62இல் இடித்தார்கள். அந்த வலிதான் அடுத்த போராட்டத்துக்கு உரமானது. பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் பாங்க்ரஸ் 1967இல் முதல் தரத்தில் சேர்ந்து தப்பித்தது. இன்று பாரிஸ் ரயில் புறப்படுவது அங்கிருந்துதான்.

எது சேரும், எது சேராது

பட்டியலில் சேர்ந்தால் உள்ளும் புறமும் சேரும். படிக்கட்டு, கணப்பு, கதவு, சுவரில் பொருத்திய மரப்பலகை என்று கட்டடத்தோடு நிலையாக இணைந்த எல்லாமே அதில் அடக்கம். பட்டியலில் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கும். அதில் கணப்பைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று வாதாட முடியாது. பழைய பதிவுகளில் அந்த நாலு வரி வீட்டை அடையாளம் காட்டத்தான் எழுதப்பட்டது.

அப்புறம் கொட்டகை. நம்மூர்ப் பழைய கிரயப் பத்திரத்தில் நிலத்தைச் சொல்லிவிட்டு 'மாவடை மரவடை உள்பட' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி ஒரு வரி இந்தச் சட்டத்திலும் இருக்கிறது. பட்டியலிட்ட கட்டடத்தின் வளாகத்துக்குள், 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிலத்தோடு சேர்ந்து நிற்கும் எந்தக் கட்டுமானமும் அந்தக் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். 1947 சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது, அதனால் அந்தத் தேதி. லாயம், சலவைக்கூடம், தோட்டச் சுவர் எதற்கும் பட்டியலில் தனிப் பெயர் தேவையில்லை.

வளாகம் என்று நான் சொல்வதை அவர்கள் கர்ட்டிலேஜ் என்கிறார்கள். வீட்டோடு நெருங்கிச் சேர்ந்து, வீட்டுக்குத் துணையாக இருக்கும் இடம் என்று பொருள். வேலி போட்டிருப்பதை மட்டும் வைத்து இதை அளக்க முடியாது. நீதிமன்றங்கள் மூன்று கேள்வி கேட்கின்றன. கட்டடங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, யாருக்குச் சொந்தமாக இருந்தன, எதற்குப் பயன்பட்டன. யார்க்‌ஷரில் ஹெப்டன் பிரிட்ஜ் ஊரில் பட்டியலிட்ட ஆலை ஒன்றோடு பாலத்தால் இணைந்திருந்த தொழிலாளர் வரிசை வீடுகளும் ஆலையின் வளாகத்தில் சேர்ந்தவைதான் என்று 1980களில் தீர்ப்பானது. தூரத்தில், தனி வேலையோடு நிற்கும் கட்டடத்தை இந்த வரி தானாக அணைத்துக்கொள்ளும் என்று நம்பிவிட முடியாது. கிராக்சைடு மின்நிலையம் போன்றவற்றுக்குச் சொந்தப் பதிவு இருப்பது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரியும். இன்னொன்று, 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எழுதும் பதிவுகளில் 'இந்தக் கொட்டகை சேராது' என்று வெளிப்படையாக விலக்கவும் முடியும். எனவே பதிவின் தேதியையும் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: தரம் எதுவானாலும் வீடு முழுசாகச் சேரும். 1948க்கு முந்திய துணைக்கட்டடம் வளாகத்துக்குள் இருந்தால் அதுவும் சேரும்.

ஆணி அடிக்கலாமா?

தாராளமாக. வீட்டின் தன்மையை மாற்றும் வேலைக்குத்தான் உள்ளூர் மன்றத்தின் அனுமதி வேண்டும். சன்னலை பிளாஸ்டிக்காக மாற்றுவது, சுவரை எடுப்பது, லாயத்தை இடிப்பது எல்லாம் அதில் வரும். உடைந்த ஸ்லேட்டை அதே ஸ்லேட்டால் மாற்றுவது போன்ற பழுதுபார்ப்புக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. இங்கிலாந்தில் இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. கேட்காமல் செய்வதில்தான் ஆபத்து. அது குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பில்லை. முன்பிருந்தவர் அனுமதியில்லாமல் செய்த வேலையைச் சரிசெய்யச் சொல்லி இப்போதைய உரிமையாளருக்கு உத்தரவு வரலாம், அதற்குக் காலக்கெடுவும் இல்லை. வீடு வாங்குகிறவர்கள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்று.

மாற்றமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதற்குக் கிராக்சைடே சாட்சி. 2014இல் நேஷனல் டிரஸ்ட் டம்பிள்டன் ஏரிக்கரையில் 17 மீட்டர் நீளத்தில் ஒரு பெரிய இரும்புத் திருகை நிறுவியது. ஏரித் தண்ணீர் அதன் புரிகளில் விழுந்து இறங்கும்போது திருகு மெல்லச் சுழலும், அதிலிருந்து வீட்டுக்கு மறுபடியும் நீர் மின்சாரம் போகிறது. அங்கே போகிறவர்கள் நேராக வீட்டு வாசலுக்குப் போகாமல் முதலில் ஏரிக்கு இறங்குங்கள். திருகையும் பம்பு வீட்டையும் பார்த்துவிட்டு, தண்ணீர் ஏறிய வழியாகவே மேலே ஏறி வீட்டுக்குள் நுழையுங்கள்.